அறிவிக்கும் நாள் வரை

ஜனவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இந்த ஒரு சொல்லை எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ நலமா? அங்கே குளிர் உன்னைப் படுத்துகிறதா?

உன் ஊருக்குப் போன் பேச இந்த ஜெயிலில் அனுமதி இல்லை. கடிதம் மட்டும்தான். அதையும் அலுவலகத்தில் ஒருவர் படித்து முத்திரை குத்திய பிறகுதான் வெளியே விடுவார்கள். (படிக்கும் ஐயா, என் கையெழுத்துக்கு மன்னிக்கவும். வாத்தியார்கள் அடித்தும் திருந்தாதது.)

அம்மா போனில் சொன்னதில் பாதி அழுகையாகவும் மீதி சாபமாகவும் இருந்திருக்கும். அதனால் நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் மருத்துவமனையில் நோயாளிகளின் மருந்து அளவெல்லாம் ஒரே சர்வரில்தான் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொள்வது நானும் என் மேலதிகாரியும். டிசம்பரில் ஒரு நாள், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், யாரோ அதற்குள் முழு அதிகாரத்தோடு நுழைந்து மருந்து அட்டவணையைக் கலைத்துவிட்டார்கள். ஒருவருடைய அளவு இன்னொருவர் பெயரில் போய் உட்கார்ந்துகொண்டது. திரையில் இருப்பதைத்தானே நர்ஸ் கொடுப்பார்? சிறுநீரக வார்டில் ஒரு பெண் இறந்துவிட்டார். பள்ளிக்கூட டீச்சர். கணவர் லிப்ட் மெக்கானிக்.

நுழைந்தது எக்ஸ்ரே அறையில் தட்டச்சு செய்யும் ஒரு பெண்ணின் கணக்கில். ஆனால் அந்தக் கணக்கை வைத்து எக்ஸ்ரே அறிக்கை அடிக்கலாம், அவ்வளவுதான். முழு அதிகாரத்துக்கான கடவுச்சொல் தெரிந்தது இரண்டே பேருக்கு. மேலதிகாரி விடுப்பில் வெளியூர் போயிருந்தார். மிச்சம் நான்.

"போன மாசம் பதவி உயர்வு கெடைக்கலன்னு ஆபீஸ்ல கத்துனியாமே?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"கத்தினேன் சார். அதுக்காக ஆளைக் கொல்லுவேனா?"

"கொல்லணும்னு நெனச்சிருக்க மாட்டே. பயம் காட்டணும்னு நெனச்சிருப்பே."

எல்லாம் முன்னாலேயே முடிவாகிவிட்டது, அக்கா. ஒரே ஒரு விஷயம்தான் எனக்கு உறுத்துகிறது. சர்வர் நடந்ததையெல்லாம் குறித்துவைக்கும் லாக்கில் பார்த்தேன். கடவுச்சொல் மாற்றும் நிரல் அன்று மத்தியானம் திரும்பத் திரும்ப விழுந்து எழுந்திருக்கிறது. அதற்கு அப்புறம்தான் முழு அதிகாரம் கைமாறியிருக்கிறது. சாவி கையில் இருப்பவன் எதற்குப் பூட்டோடு மல்லுக்கட்ட வேண்டும்? இதைச் சொன்னேன். "மெஷின்னா நிக்கத்தான் செய்யும்" என்றுவிட்டார் இன்ஸ்பெக்டர்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு, கம்பிக்குப் பின்னாலிருந்தும் உன் தம்பி.


ஜனவரி 22

என் அருமைத் தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் நலம் என்று எழுதினால் நீயே சிரிப்பாய். அதனால் விட்டுவிடுகிறேன். சாப்பாடு இறங்குகிறதா? குளிர்காலத்து இருமல் வந்துவிட்டதா? போர்த்திக்கொள்ள ஏதாவது கொடுத்திருக்கிறார்களா?

இப்படி ஒரு குற்றத்தைத் திட்டம் போட்டுச் செய்யும் அளவுக்கு உனக்குச் சுறுசுறுப்பு கிடையாது. இதைக் கோர்ட்டில் வந்து சொல்ல நான் தயார். காலையில் எழுந்து பல் தேய்க்கவே உனக்கு ஆள் வேண்டும்.

வக்கீலுக்கு ஏற்பாடு செய்துவிட்டேன். மெதுவாகப் பேசுவார், ஆனால் கைசுத்தம் என்கிறார்கள். அம்மா போலீஸ் ஸ்டேஷனில் என்ன சொன்னாள் தெரியுமா? "என் பொண்ணு பெரிய லைப்ரரில வேலை பாக்குறா. எல்லாச் சட்டப் புஸ்தகமும் அங்க இருக்கும். அவ பாத்துப்பா!" நான் பார்க்கும் லைப்ரரியில் ஒரு புத்தகமும் கிடையாதம்மா, அது கணினிக்குள் இருக்கும் பொதுச் சரக்கறை, மற்ற நிரல்கள் எல்லாம் வந்து வேண்டியதை எடுத்துக்கொண்டு போகும், அதைக் காப்பது நாங்கள் நாலு பேர் என்று எத்தனை வருடமாகச் சொல்கிறேன். அவளுக்கு அது பிடிக்கவில்லை. புத்தகம் இருந்தால்தான் மரியாதை.

இப்போது நான் கேட்பதற்குப் பொறுமையாகப் பதில் எழுது. அந்தச் சர்வரில் இயங்குதளம் எந்தப் பதிப்பு? கடைசியாக எப்போது புதுப்பித்தீர்கள்? அந்த நிரல் விழும்போது லாக்கில் என்ன எழுதிவிட்டு விழுந்தது? சொல்லுக்குச் சொல் நினைவில் இருந்தால் நல்லது.

அம்மா பதினைந்து நாளுக்கு ஒருமுறை வருவாள். அவள் எதிரே இருமாதே.

அன்புடன்,
அக்கா


பிப்ரவரி 1

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்த அன்றுதான் இங்கே முதல்முறையாக வயிறு நிறையச் சாப்பிட்டேன். நீ சுகமாக இருக்க வேண்டும். இருமல் இருக்கிறது, பெரிதாக ஒன்றுமில்லை.

சர்வர் பழையதில்லை. நவம்பரில்தான் புதுப்பித்தேன், உங்கள் லைப்ரரி உட்பட. மேலிடத்தில் "ஓடுற மெஷின்ல ஏன் கை வைக்கிறே" என்று திட்டு வாங்கிக்கொண்டு செய்தேன்.

விழுந்த விதம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒவ்வொரு முறையும் கடைசி வரியில் உங்கள் லைப்ரரியின் பெயர்தான். பயனர் எந்த மொழியில் திரையைப் பார்க்க விரும்புகிறார் என்று படிக்கும் இடம் இருக்கிறதே, அங்கேதான். சிரிப்பாக இல்லை? மொழி கேட்கப் போய்ச் செத்திருக்கிறது.

நீயே அந்த நிரலை உன் கணினியில் ஓட்டிப் பார், அக்கா. சாதாரணக் கணக்கில் உட்கார்ந்து, மொழியின் பெயர் கேட்கும் இடத்தில் கன்னாபின்னாவென்று நீளமாக எதையாவது கொடு. எனக்கு இங்கே ஒரு கணினி இருந்தால் நானே பார்த்துவிடுவேன். இருப்பதோ ஒரு வாளியும் ஒரு டைலரும். டைலர் என்பவர் என் அறைக்காரர். மச்சானைக் கத்திரிக்கோலால் குத்திவிட்டு வந்தவர். மற்றபடி தங்கமான மனிதர், என் சட்டைக்குப் பொத்தான் தைத்துக் கொடுத்தார்.

பத்தொன்பதாம் தேதி ஜாமீன் மனு வருகிறது. அதற்குள் ஏதாவது கிடைத்தால் வக்கீலிடம் சொல். உன் பதிலுக்காகக் காத்திருக்கிறேன்.

அன்புத் தம்பி


மார்ச் 2

அன்புத் தம்பிக்கு,

நலம். உன் நலம் அறிய ஆவல். வேலை நெருக்கடியால் பதில் எழுதத் தாமதமாகிவிட்டது.

இங்கே இன்னும் குளிர் விடவில்லை. இருமலுக்கு வெந்நீர் கேட்டு வாங்கிக் குடி. ஜாமீன் கிடைக்கவில்லை என்று அம்மா சொன்னாள். வருத்தமாக இருந்தது. கம்பளிச் சாக்ஸ் அனுப்பியிருக்கிறேன், கொடுத்தார்களா என்று எழுது.

ஒன்று சொல்ல வேண்டும். நீ போன கடிதத்தில் எழுதியிருந்தாயே, அதைப் பற்றி இனிமேல் எழுத வேண்டாம். யாரிடமும் பேசவும் வேண்டாம், உன் அறைக்காரரிடம்கூட. வக்கீல் எந்தத் தாளை நீட்டினாலும் என்னைக் கேட்காமல் கையெழுத்துப் போடாதே.

உடம்பைக் கவனித்துக்கொள்.

அக்கா


மார்ச் 12

அக்காவுக்கு,

நான் இருக்கிறேன். நீ நலம் என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். சாக்ஸ் வந்தது.

ஒரு மாதம் காத்திருந்தேன். ஜாமீன் அன்று காலையில்கூட வக்கீல் வந்ததும் "எங்க அக்கா ஏதாவது அனுப்பியிருக்காளா?" என்றுதான் முதலில் கேட்டேன். "இல்லையே தம்பி" என்றார். அரசு வக்கீல் எழுந்து, "இந்த ஆளைத் தவிர வேற யாராலயும் அந்த மெஷினுக்குள்ள முழு அதிகாரத்தோட போக முடியாது" என்றார். மனு தள்ளுபடி. இதெல்லாம் நடந்து முடிந்த பிறகு உன்னிடமிருந்து வெந்நீர் குடிக்கச் சொல்லி ஒரு கடிதம்.

டைலர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "படிச்சவங்க ஒருத்தரைக் கைவிடுறப்ப முதல்ல லெட்டர்தான் சின்னதாகும்" என்றார். நான் அவரோடு சண்டை போட்டேன். அப்புறம் படுத்துக்கொண்டு யோசித்தபோது சண்டை போட்டதற்கு வருத்தப்பட்டேன்.

நீ அதை ஓட்டிப் பார்த்தாயா, இல்லையா? ஆம் என்றோ இல்லை என்றோ எழுது. ஓட்டிப் பார்த்து ஒன்றும் நடக்கவில்லை என்றால் அதையாவது சொல். நான்தான் செய்தேன் என்று நீயும் முடிவு கட்டிவிட்டாயா? அப்படியென்றால் அதையும் மறைக்காமல் எழுதிவிடு.

அரசுத் தரப்பில் ஒரு பேச்சு வந்திருக்கிறது. ஒப்புக்கொண்டால் மூன்று வருடம். வழக்கு நடந்து தோற்றால் பத்து, பன்னிரண்டு. ஏப்ரல் பதிமூன்றாம் தேதி பதில் சொல்ல வேண்டும். போன வாரம் அம்மா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து போனை எடுக்கவே மறந்துவிட்டாள். காதில் எதுவும் விழாமல் அவள் வாய் அசைவதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். நெற்றியில் ஒரு காயம். பஸ்ஸிலிருந்து இறங்கும்போது விழுந்தாளாம், அப்புறம் போனை எடுத்துச் சொன்னாள்.

தம்பி


மார்ச் 23

என் தம்பிக்கு,

நலமா என்று கேட்கக்கூடக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன். காய்ச்சல் ஏதாவது அடிக்கிறதா? டாக்டரிடம் காட்டச் சொல்லி வக்கீல் மூலம் மனுக் கொடுத்திருக்கிறேன்.

நீ கேட்டதற்கு ஆம் என்றும் எழுத மாட்டேன், இல்லை என்றும் எழுத மாட்டேன். கோபித்துக்கொள். ஆனால் நீ அதைச் செய்யவில்லை. எனக்குத் தெரியும். நம்புகிறேன் என்று எழுதவில்லை பார், தெரியும் என்று எழுதியிருக்கிறேன்.

ஏப்ரல் முதல் வாரம் வரை பல்லைக் கடித்துக்கொண்டு பொறு. அதற்கு மேல் ஒரு நாளும் கேட்க மாட்டேன். உன் தேதி பதிமூன்றுதானே, அதற்கு முன்னாலேயே முடிந்துவிடும். ஏன் என்று கேட்காதே. எதிலும் கையெழுத்துப் போடாதே. கெஞ்சிக் கேட்கிறேன்.

அம்மாவை ஆட்டோவில் வந்து போகச் சொல்லியிருக்கிறேன்.

உன் அக்கா


ஏப்ரல் 5

தம்பி,

நலம் விசாரிக்க நேரமில்லை, தபால் இப்போது போகிறது. தள்ளிப் போய்விட்டது. மே தொடக்கம் ஆகும். எது தள்ளிப் போயிற்று என்று கேட்காதே. வக்கீலை எப்படியாவது வாய்தா வாங்கச் சொல். நானும் பேசிவிட்டேன். கையெழுத்துப் போடாதே. போடாதே.

அக்கா


ஏப்ரல் 15

அக்காவுக்கு,

இந்தக் கடிதம் உனக்குக் கிடைக்கும்போது நீ சுகமாக இருக்க வேண்டும்.

கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

உன் இரண்டு கடிதமும் கைக்கு வந்தன. தபால்மேல் பழி போட முடியாது. வக்கீலிடம் வாய்தா கேட்கச் சொன்னேன். "என்ன காரணம்னு சொல்றது? காரணம் இல்லாம கேட்டா, அவங்க சலுகையை வாபஸ் வாங்கிடுவாங்க. அக்கா எங்கிட்டயும் காரணம் சொல்லல தம்பி. கேட்டா அழறாங்க" என்றார். உனக்குத் தெரியும் என்று எழுதினாய். எப்படித் தெரியும் என்று எழுதவில்லை. நீதிபதியிடம் போய் "எங்க அக்காவுக்குத் தெரியும்ங்க" என்று சொல்ல முடியுமா?

செய்யாத வேலையை எப்படிச் செய்தேன் என்று விவரமாக ஒரு வாக்குமூலம் வேண்டுமாம். வக்கீல் எழுதிக் கொடுத்தார். அதில் தொழில்நுட்பமாக ஒரு தப்பு இருந்தது. நானே திருத்திக் கொடுத்தேன். சிரிக்கலாம், பரவாயில்லை. டைலர் சிரித்தார்.

நீதிபதி கேட்டார். "யாராவது மிரட்டினாங்களா? சொந்த விருப்பத்துலதான் சொல்றீங்களா?"

"ஆமாங்க."

இறந்துபோன டீச்சரின் கணவர் வந்திருந்தார். ஏதாவது சொல்ல விரும்புகிறாரா என்று கேட்டார்கள். அவர் எழுந்து நின்று நீதிபதியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "எதுக்குப்பா?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். எல்லாரும் என் வாயையே பார்த்தார்கள்.

"கோபத்துல" என்றேன். தாளில் அதுதான் இருந்தது.

அவர் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

மூன்று வருடம். இருந்த மாதங்களைக் கழித்துக்கொள்வார்கள். அம்மாவிடம் நானே சொன்னேன். நீ சொல்ல வேண்டியதில்லை.

தம்பி


மே 5

என் உயிர்த் தம்பிக்கு,

நேற்று அறிவித்துவிட்டோம். இனிமேல் எழுதலாம். இதை யார் படித்தாலும் கவலையில்லை. (படிக்கும் ஐயா, உங்கள் அலுவலகக் கணினியையும் இன்றே புதுப்பிக்கச் சொல்லுங்கள்.)

நீ சொன்னது அத்தனையும் சரி. ஓட்டை இருந்தது, எங்கள் லைப்ரரியில்தான். வார்டில் உட்கார்ந்திருக்கும் யாரும் தன் கடவுச்சொல்லைத் தானே மாற்றிக்கொள்ளலாம் அல்லவா? ஆனால் கடவுச்சொற்கள் இருக்கும் கோப்பில் எழுத முழு அதிகாரம் வேண்டும். அதனால் கடவுச்சொல் மாற்றும் அந்த ஒரு நிரலுக்கு மட்டும், யார் ஓட்டினாலும், முழு அதிகாரம் உண்டு. அது தொடங்கியதும் எங்கள் லைப்ரரியிடம் வந்து, இந்த ஆளுக்கு எந்த மொழி என்று கேட்கும். லைப்ரரி அந்த மொழியின் பெயரை அளந்து, அதற்கு இடம் ஒதுக்கி, எழுதி வைக்கும். பெயர் ஒரு குறிப்பிட்ட விதமாக இருந்தால் அளவு தப்பும். ஒதுக்கிய இடத்தைத் தாண்டி அடுத்த இடத்திலும் எழுதிவிடும். அடுத்த இடத்தில் என்ன எழுத வேண்டும் என்று தெரிந்தவன், சில முறை விழவைத்து, ஒரு முறை விழாமல் நிறுத்தி, அந்த நிரலின் முழு அதிகாரத்தையும் தன் கையில் வாங்கிக்கொள்ளலாம். கடவுச்சொல்லே வேண்டாம். இருபது வருடத்துக்கு மேல் இப்படியே இருந்திருக்கிறது. அதை எழுதியவர் இப்போது இந்தத் தொழிலிலேயே இல்லை.

நீ எழுதியதை வைத்துக்கொண்டு தேடித் தேடிக் கண்டுபிடித்தேன். திருத்தம் என்று பார்த்தால் சில வரிகள்தான். அளப்பதைச் சரியாக அளக்க வேண்டும், அதிகாரம் உள்ள நிரலுக்கு வெளியார் கொடுக்கும் பெயரை அப்படியே நம்பக் கூடாது. ஆனால் உலகத்தில் பாதி மெஷின்களில் இந்த லைப்ரரி ஓடுகிறது. திருத்தம் எல்லார் கையிலும் போய்ச் சேரும் முன்னால் விஷயம் வெளியே கசிந்தால் என்ன ஆகும் என்று உனக்கே தெரியும். அதனால் அறிவிக்கும் நாள் வரை வாய் திறப்பதில்லை என்பது எங்கள் கட்டுப்பாடு. உனக்கு வரும் கடிதத்தை வேறொருவர் படிக்கிறார். அம்மாவிடம் சொல்லி அனுப்பினாலும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருக்கும் போன் பதிவாகிறது. வக்கீலிடம் சொன்னால் அவர் மனுவில் எழுதுவார், மனு அன்றைக்கே எல்லாரும் பார்க்கும் இடத்துக்கு வந்துவிடும்.

மூடிய உறையில் போட்டு நீதிபதியிடம் மட்டும் கொடுக்கிறேன் என்று அனுமதி கேட்டேன். பல நாட்டு ஆட்கள், பல கம்பெனிக்காரர்கள், கூடிக் கூடிப் பேசினார்கள். கொடுக்கலாம் என்று பதில் வந்தபோது நீ கையெழுத்துப் போட்டு ஒரு நாள் ஆகியிருந்தது.

இன்னொரு செய்தி. வேறொரு ஊரில் ஒரு சின்ன மருத்துவமனையில் அச்சு அசலாக இதே மாதிரி நுழைந்திருக்கிறார்கள். மார்ச்சில், நீ உள்ளே இருந்தபோது. அதே கருவி, அதே தடம். வக்கீலுக்கு எல்லாத் தாளும் அனுப்பிவிட்டேன். ஒப்புதலை ரத்து செய்ய மனுப் போடுகிறார். நீ வெளியே வருவாய்.

சாப்பிடு. இருமலுக்குக் கொடுக்கும் மருந்தை விடாதே.

உன் அக்கா


மே 21

அக்கா,

வக்கீல் வந்தார். நீ அனுப்பிய அறிவிப்பை அச்செடுத்துக் கொண்டுவந்து கொடுத்தார். நன்றாக எழுதியிருக்கிறாய். எனக்கே புரிந்தது.

அடியில் நாள்வாரியாகக் குறிப்பு இருக்கிறது. எல்லா அறிவிப்பிலும் போடுவீர்கள் போல. முதல் வரி: பிப்ரவரி 9, குறை கண்டறியப்பட்டது. பக்கத்தில் உன் பெயர்.

எனக்கு ஜாமீன் மறுத்தது பிப்ரவரி 19.

மூன்றாவது வரி: ஏப்ரல் 4, அறிவிப்பு நாள் நான்கு வாரம் தள்ளிவைக்கப்பட்டது, பராமரிப்பாளர் நால்வரின் ஒப்புதலுடன். நால்வர் என்றால் நீயும்தானே?

இதை நீ எழுதவில்லை. அவ்வளவு நீளக் கடிதத்தில் இதற்கு மட்டும் இடமில்லை.

கொஞ்ச நாள் எழுதாதே.


ஜூன் 8

தம்பிக்கு,

எழுதாதே என்றாய். இந்த ஒன்றை மட்டும் எழுதிவிட்டு நிறுத்துகிறேன். உன் இருமலில் ரத்தம் வந்ததாக அம்மா சொன்னாள். எக்ஸ்ரே எடுக்கச் சம்மதித்திருக்கிறார்களாம். தயவுசெய்து போ.

ஆம். பிப்ரவரி ஒன்பதாம் தேதி எனக்குத் தெரியும். நீ சொன்னபடியே நீளமாக ஒரு பெயரைக் கொடுத்தேன். விழுந்தது. மறுபடி கொடுத்தேன். விழுந்தது. அப்புறம் விழவில்லை, என் சாதாரணக் கணக்கு முழு அதிகாரத்தோடு எனக்கு முன்னால் நின்றது. உன்னைக் காப்பாற்றியாயிற்று என்று கைதட்டிவிட்டேன். ஒரு நிமிடம்கூட நிலைக்கவில்லை அந்தச் சந்தோஷம்.

ஆம். நாலு பேரில் நானும் ஒருத்தி. நாங்கள் அனுப்பிய முதல் திருத்தத்தைப் போட்டால், நோயாளியின் படுக்கைக்குப் பக்கத்தில் இதயத் துடிப்பு காட்டும் ஒரு வகைக் கருவி எழும்பவே மறுத்தது. அந்தக் கருவியைச் செய்த கம்பெனிக்காரர்கள் ஓடி வந்து நாலு வாரம் கேட்டார்கள். அந்தக் கூட்டத்தில் உன் வழக்கைச் சொன்னேன். "அப்ப இந்த முடிவுல நீங்க கலந்துக்க வேணாம், விலகி இருங்க" என்றார் ஒருங்கிணைப்பாளர், இரக்கத்தோடுதான். விலகியிருக்கலாம். என் கை இல்லாமலே முடிந்திருக்கும், உன்னிடம் நான் இல்லை என்று சொல்லியிருக்கலாம். அது எனக்குப் பிடிக்கவில்லை. அந்தக் கருவிகளோடு எத்தனை பேர் படுத்திருக்கிறார்கள் என்று கேட்டேன். சொன்னார்கள். சரி என்றேன்.

நாங்கள் பேசாமல் இருந்த நாட்களில்தான் அந்த இன்னொரு மருத்துவமனைக்குள் நுழைந்தார்கள். அங்கே யாரும் சாகவில்லை. செத்திருந்தால் இதை எப்படி எழுதியிருப்பேன் என்று எனக்குத் தெரியாது.

மன்னிப்புக் கேட்கலாம் என்று உட்கார்ந்தேன். கேட்டால், இன்னொரு முறை இதே நிலை வந்தால் வேறு மாதிரி செய்வேன் என்று அர்த்தமாகிவிடும். அதைப் பொய்யாகச் சொல்ல வாய் வரவில்லை. நீ பட்டதற்கு நான் காரணம். அதை மட்டும் சொல்கிறேன்.

அக்கா


அக்டோபர் 2

அக்காவுக்கு,

நலமா? அம்மாவிடம் நீ பேசும்போதெல்லாம் நான் பக்கத்து அறையில்தான் இருந்தேன்.

ஆகஸ்ட் கடைசியில் தீர்ப்பை ரத்து செய்தார்கள். நீதிபதி வருத்தம் தெரிவித்தார். ஒரு வரி. மருத்துவமனையில் வேலை திரும்பக் கிடைக்கவில்லை. "நீங்க நல்லவர்தான், ஆனா நர்ஸுங்க பயப்படுறாங்க" என்றார்கள். ஒரு இரும்புக் கடையில் பில் போடுகிறேன். வலது நுரையீரலில் நிழல் இருக்கிறது. காசநோய், ஜெயிலில் ஒட்டிக்கொண்டது. இன்னும் பல மாதம் மாத்திரை. டைலர் இன்னும் அங்கேதான் இருக்கிறார். போன வாரம் போய்ப் பார்த்தேன்.

போன ஞாயிறு அந்த லிப்ட் மெக்கானிக் வீட்டுக்குப் போனேன். கோர்ட்டில் அவர் முகத்தைப் பார்த்துச் சொன்ன பொய்யை முகத்தைப் பார்த்தே திரும்ப எடுக்க வேண்டும் என்று தோன்றியது. மாடிப்படி ஏறுவதற்குள் மூச்சு வாங்கியது. கதவைத் திறந்தவர் வழிவிடவில்லை, வாசலிலேயே நிற்க வைத்துப் பேசினார்.

"அன்னிக்கு கோபத்துலன்னு சொன்னே."

"எழுதிக் கொடுத்தாங்க. நான் செய்யலைங்க. பேப்பர்ல வந்துச்சே."

"படிச்சேன். அப்ப யாரு?"

"தெரியல. தூரத்துல யாரோ. உங்க வீட்டம்மா யாருன்னுகூட அவங்களுக்குத் தெரியாது."

அவர் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டார். தெரிந்தே செய்த ஒருவனை வெறுத்துக்கொண்டிருந்தது அவருக்கு இத்தனை மாதம் ஒரு பிடிமானமாக இருந்திருக்கிறது. அதையும் நான் போய்ப் பிடுங்கிவிட்டேன்.

"அந்த ஓட்டையைப் பாத்துக்க ஆளே இல்லையா?"

"நாலு பேர் இருக்காங்க."

"நாலு பேரா? எத்தனை மெஷினுக்கு?"

"கிட்டத்தட்ட எல்லாத்துக்கும்."

கதவின் தாழ்ப்பாளை ஒருமுறை தள்ளிப் பார்த்தார். பிறகு, "லிப்ட்டு பழுதுன்னா முதல்ல கதவுல போர்டு மாட்டுவோம். அப்புறம்தான் ரிப்பேர். இவங்க மாசக்கணக்கா யாருக்கும் சொல்லவே இல்லையாமே?" என்றார்.

"இதுல போர்டு மாட்டினா முதல்ல படிக்கிறவன் திருடனா இருப்பான்ங்க" என்றேன். "ரிப்பேர் பண்ணாம சொல்லியிருந்தா உங்க வீட்டம்மா மாதிரி இன்னும் நிறைய பேர் போயிருப்பாங்க. அவங்க செஞ்சது சரிதான்."

வாயிலிருந்து வந்த பிறகுதான் அது என் குரல் என்று எனக்கே உறைத்தது.

"அவங்க வாய மூடிக்கிட்டு இருந்தப்ப நீ எங்க இருந்தே?"

"உள்ள."

நான் இரும ஆரம்பித்ததும் அவர் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். டம்ளரைத் திருப்பி வாங்கிக்கொண்டு, "இனிமே வராதேப்பா. உன் மேல ஒண்ணுமில்ல. உன்னைப் பாத்தா அவ ஞாபகம் வருது" என்றார். அந்த நாலு பேரில் ஒருத்தி என் அக்கா என்று அவரிடம் சொல்லவில்லை. சொல்லலாமா என்று நினைத்தேன். கதவைச் சாத்திவிட்டார்.

நீ செய்தது சரி என்று ஊராரிடம் சொல்ல என்னால் முடிகிறது. உன்னிடம் சொல்ல இன்னும் முடியவில்லை. ஜாமீன் அன்று கூண்டில் நின்றுகொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தவன் ஒருவன் எனக்குள் இருக்கிறான், அவன் சம்மதிக்க மாட்டேன் என்கிறான்.

அம்மாவுக்கு அடுத்த மாதம் கண் ஆபரேஷன். கூட இருக்க நான் ஒருவன் போதாது. என் இருமலோடு வார்டுக்குள் விடவும் மாட்டார்கள். நீ வா. வந்தால் இரண்டு நாள் நான் உன்னோடு பேசாமல் இருக்கக்கூடும். அதற்காக மூட்டையைக் கட்டிக்கொண்டு திரும்பிக் கிளம்பிவிடாதே.

தம்பி